லடாக்கின் இரு குழிகள்

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்கும். முன்பெல்லாம் சோஜி லா கணவாயைப் பனி மூடியதும், பல மாதங்களுக்குப் பச்சைக் காய்கறி அங்கே அரும்பொருளாக இருந்தது.

அம்மக்கள் மண்ணை நம்பினர். அறுவடை செய்த டர்னிப்பையும் உருளைக்கிழங்கையும் குழி தோண்டிப் புதைத்து, வசந்தம் வரை காத்தனர். காற்று உறைந்தாலும் ஆழத்து மண் எளிதில் உறையாது என்ற பட்டறிவே அதன் அடிப்படை.

1960களில் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் ஒன்று லேயில் தொடங்கப்பட்டது. எல்லையில் நின்ற வீரர்களுக்குப் புதிய காய்கறி தேவைப்பட்டது. அந்த ஆய்வகம் பரப்பிய முறைகளுள் ஒன்று அகழிச் சாகுபடி. சுமார் 3 அடி ஆழத்துக்கு அகழி வெட்டி, குறுக்கே கழிகளைப் பரப்பி, மேலே பாலித்தீன் விரிப்பைப் போர்த்துவார்கள். பகல் வெயிலை மண் வாங்கிக்கொள்ளும். இரவில் மெல்ல வெளிவிடும். நிலமே சுவராவதால் செலவு பெரும்பாலும் விரிப்புக்கு மட்டுமே. கடுங்குளிரிலும் கீரை துளிர்க்கும்.

கிழங்கைக் காத்த குழியும் கீரை வளர்த்த அகழியும் மண்ணின் ஒரே இயல்பைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் அகழி ஆய்வேடுகளில் இடம்பெறுகிறது; குழி 'பழைய வழக்கம்' என்ற இரு சொற்களில் முடிந்துவிடுகிறது. லடாக்கின் வேளாண் வரலாறு இவ்விரண்டையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.