டஸ்ட் (தேயிலை)

டஸ்ட்: தேயிலைத் தரங்களுள் மிக நுண்ணியது, ஆலையின் கடைசிச் சல்லடையில் இறங்குவது. கோவை மாவட்டம் வால்பாறையிலும் பிற தென்னிந்தியத் தேயிலை மலைகளிலும் பெருமளவில் உருவாகிறது. தூள் டீ என்றும் வழங்கும்.

சொல்: பழைய ஆங்கிலத்தில் 'டூஸ்ட்'. இதன் இனச்சொல்லாகிய ஜெர்மன் 'டுன்ஸ்ட்' ஆவியையும் மூடுபனியையும் குறிக்கும். தமிழின் தூசி, தூள் என்பவற்றோடு ஒலி ஒற்றுமை தெரிந்தாலும் உறவு நிறுவப்படவில்லை. லண்டனில் அடுப்புச் சாம்பலும் வீட்டுக் குப்பையும் டஸ்ட் எனப்பட்டன. டஸ்ட்பின், டஸ்ட்மேன் என்பவை அவ்வழி வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அந்நகரின் குப்பைமேடுகளைப் பெண்கள் சல்லடை கொண்டு சலித்தனர். தேறிய கரித்துண்டுகள் செங்கல் சூளைக்குப் போயின. டிக்கன்ஸ் எழுதிய 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' (1864–65) நாவலில் வரும் பெருஞ்செல்வம் இத்தகைய மேடுகளில் சேர்ந்ததே.

வால்பாறை: இங்குத் தோட்டப்பயிர் காப்பியோடு தொடங்கியது. தொடக்கத்தை 1846 என்பாரும் 1864 என்பாரும் உளர். தேயிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. முன்னோடியாகக் கார்வர் மார்ஷ் குறிக்கப்படுகிறார்.

உற்பத்தி: பழைய முறையில் இலையை உருட்டிக் காயவைத்துச் சலிக்கையில் உடைந்து மிஞ்சியதே டஸ்ட். 1930 வாக்கில் அசாமில் மெக்கெர்ச்சர் வடிவமைத்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. மிச்சமாக விழுந்த தூள் அதன்பின் விரும்பிச் செய்யும் சரக்காயிற்று. நுண்துகளில் வெந்நீர் படும் பரப்பு மிகுதி. சாயம் விரைந்து இறங்கும், பாலை மீறி நிறமும் கடுப்பும் நிற்கும். கொங்குநாட்டு டீக்கடைகளில் துணி வடிகட்டியில் போடப்படுவது பெரும்பாலும் இதுவே. ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் எனப் பல உட்பிரிவுகள் உண்டு.

கழிவு: பெயரால் குப்பையாயினும் சட்டப்படி டஸ்ட் கழிவன்று. 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை, ஆலையில் கூட்டிப் பெருக்கிய தூள், பஞ்சு, நார், காம்பு ஆகியவற்றையும் தரத்தில் தேறாத தேயிலையையும் கழிவு என வகுக்கிறது. இவற்றுள் நாரைப் பிரிக்க, உலர்ந்த குருணைமேல் மின்னூட்டம் பெற்ற உருளைகள் சுழல, எடை குறைந்த நார் மட்டும் எழுந்து ஒட்டிக்கொள்ளும். மேற்கூறிய கழிவுகளை வைத்திருக்கவும் விற்கவும் தேயிலை வாரிய உரிமம் வேண்டும். மீண்டும் தேயிலையில் கலக்காதபடி சுண்ணாம்பு, சாணம் போன்றவற்றைச் சேர்த்துக் கெடுப்பதுண்டு. கஃபீன் பிரிக்கவும் உரத்துக்கும் இது பயன்படுகிறது.

அண்மைக்காலம்: தேநீர்ப் பைகளிலும் டஸ்ட் நிரப்பப்படுகிறது.