ராமானுஜனின் பயண ஏற்பாடுகள்

கணிதமேதை ராமானுஜனைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். கேம்பிரிட்ஜ் போவதற்கு முன்னால் அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. ஹார்டி உடனே அவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயன்றார். ராமானுஜன் முடியாது என்றுவிட்டார். ஆசாரமான குடும்பம், கடல் தாண்டினால் சாதிக்கு ஆகாது, அம்மா கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதோடு இங்கேயே இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற இளம் கணித அறிஞர் சொற்பொழிவு செய்யச் சென்னைக்கு வந்தார். ராமானுஜனை எப்படியாவது இணங்க வைக்கும்படி ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அதற்கு முன்பே வீட்டில் மனம் மாறியிருந்தது. மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருப்பதுபோல அம்மா கனவு கண்டாராம். குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டாராம். நெவில் எழுதிவைத்திருக்கும் செய்தி இது.

மிச்சம் இருந்தவை சின்னச் சின்னக் கவலைகள். என் ஆங்கிலம் போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பரீட்சை எழுதச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்குக் காரணம் இருந்தது. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் எப்.ஏ. பரீட்சையில் தேறாமல் போனவர் அல்லவா! பரீட்சை எதுவும் கிடையாது என்று நெவில் உறுதி சொன்னார்.

அடுத்தது பணம். நெவில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னர் அலுவலகத்துக்கு எழுதினார். வருடத்துக்கு 250 பவுன் வீதம் இரண்டு வருடம், கப்பல் செலவு, உடுப்புச் செலவு எல்லாம் கிடைத்தன. உதவித்தொகையில் ஒரு பங்கு கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போகும்படி ராமானுஜன் ஏற்பாடு செய்துகொண்டார்.

பிறகு ஆளை மாற்றும் வேலை தொடங்கியது. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் சைடுகாரில் அவரை உட்கார வைத்துக் கடைகடையாக அழைத்துப் போய்க் கோட்டும் சட்டையும் வாங்கிக் கொடுத்தார். கத்தி, முள்கரண்டி பிடிக்கப் பழகினார். கடைசியில் குடுமி. அம்மாவையும், பதினைந்து வயதுகூட நிரம்பாத மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அதை எடுத்தார்கள். அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். மார்ச் 17-ம் தேதி நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். வழியனுப்ப அம்மாவும் இல்லை, மனைவியும் இல்லை.

ஏப்ரல் 14-ம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். நெவில் காத்திருந்து அழைத்துப் போனார். டிரினிட்டி கல்லூரியில் இடமும் கிடைத்தது. எல்லாம் திட்டப்படி நடந்தது போலத்தான் தோன்றும்.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், நம் நாட்டுப் புள்ளியியலின் தந்தை, ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றாராம் ராமானுஜன். மகலனோபிஸ் போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன! அந்த ஊர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டு, தலைமுடி, முள்கரண்டி எல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரிகிறவை. அவற்றைச் சரிசெய்யப் பெரிய மனிதர்கள் பலர் ஓடியாடினார்கள். ராத்திரி தனியாக எப்படிப் படுப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாடும் அப்படித்தான். கல்லூரிச் சமையல் ஒத்துவராமல் தாமே சமைத்துக்கொண்டார். புளி ஊரிலிருந்து வர வேண்டும். போன நான்காவது மாதமே உலகப் போர் மூண்டது. 1917-ல் நோயில் விழுந்தார். 1918-ல் எப்.ஆர்.எஸ். கௌரவம் வந்தது. 1919-ல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இன்று நம் பேரன் பேத்திகள் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும்போது விசா, கட்டணம், டிக்கெட் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் "ராத்திரி எங்கே படுப்பாய், எதைப் போர்த்திக்கொள்வாய், உடம்புக்கு முடியாவிட்டால் கஞ்சி யார் வைத்துத் தருவார்கள்" என்று நாம் கேட்கலாம். இதென்ன கேள்வி என்று அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.