தஞ்சையிலிருந்து மைசூருக்குப் போன ஏடு

பழைய கல்லூரி நகரமான மைசூருவில், மகாராஜா கல்லூரியையும் கிராஃபோர்டு ஹாலையும் ஒட்டிய வட்டாரத்தில் ஒரு கட்டடம் உண்டு. விக்டோரியா அரசியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழா நினைவாக எழுந்தது. 1891இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கிய கீழ்த்திசை நூலகம் இங்கேதான் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் தம்மிடமிருந்த ஓலைக்கட்டு ஒன்றை இந்த நூலகத்துக்குக் கொடுத்தார்.

கிரந்த எழுத்தில் கீறிய வடமொழி ஏடு அது. கூடவே, பட்டசுவாமி எழுதிய உரையின் ஒரு பகுதியும் இருந்தது. நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமாசாஸ்திரி ஏடுகளைப் பிரித்துப் படித்தார். அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று 1905இல் கண்டுகொண்டார்.

அதுவரை அந்த நூலைப் பிறர் எடுத்தாண்ட வரிகளால்தான் அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். காஞ்சியில் வாழ்ந்த தண்டி தம் கதைநூலில் அதைக் குறிப்பிட்டிருந்தார். முழு நூல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. இப்போது 15 அதிகரணங்கள், 150 அத்தியாயங்களோடு அது கைக்குக் கிடைத்தது. வரி, கருவூலம், ஒற்றர், நீதி, கோட்டை, சுரங்கம், யானைக்காடு என்று ஓர் அரசு நடப்பதற்கான அத்தனையும் அதில் இருந்தன. தாமிரபரணி முத்தும் பாண்டிநாட்டு முத்தும்கூட அதன் கருவூலப் பட்டியலில் உண்டு.

சாமாசாஸ்திரி அவசரப்படவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை முதலில் பகுதி பகுதியாக இதழ்களில் வெளியிட்டார். 1909இல் மூலத்தை அச்சேற்றினார். 1915இல் மொழிபெயர்ப்பு முழு நூலாக வந்தது. பழைய இந்தியாவில் அரசியல், பொருளியல் சிந்தனை வளரவில்லை என்று எழுதிவந்தவர்கள் தங்கள் பாடத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. பிறகு வேறு சுவடிகளும் கிடைத்தன. திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரியும், பம்பாயில் ஆர். பி. காங்லேயும் புதிய பதிப்புகள் கொண்டுவந்தார்கள். தொடக்கம் மட்டும் மைசூருவுடையது.

1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்ததும் நூலகம் அதனுடன் சேர்ந்தது. 1943இல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என்று பெயர் பெற்றது. ஓலை காய்ந்து முறியாமலிருக்க அங்கே எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுகிறார்கள். எழுத்து மங்கினால் கரி ஏற்றுகிறார்கள். பூச்சியும் ஈரமும் ஓயாத பகைகள் என்பதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை.

இந்த ஏட்டின் பயணத்தில் மூன்றுக்குப் பங்குண்டு: கொடுத்தவர், படித்தவர், காத்த இடம். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அர்த்தசாஸ்திரம் ஒரு பெயராகவே நின்றிருக்கும். அதே தலைமுறையில் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சங்க இலக்கியத்தை மீட்டதும் இப்படித்தான். வீட்டுப் பரணில் கிடந்த கட்டை எடுத்துக் கொடுக்க ஒருவர் முன்வந்ததால்.

தஞ்சை சரசுவதி மகாலும், சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் இன்றும் சுவடிகளைக் காத்துவருகின்றன. உங்கள் பூர்வீக வீட்டில் ஓலைக்கட்டு இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்று ஆற்றில் விடாதீர்கள். நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.