இரண்டு மணித்தியாலமும் இரண்டு தலைமுறையும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இழந்த வீடுகளையும் காணிகளையும் கடைகளையும் கணக்கிடுகிறோம். அக்கணக்கு அவசியமானதே. எனினும், சிறுவர்கள் இழந்தவை எந்த நட்டஈட்டுப் பத்திரத்திலும் இடம்பெறவில்லை.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், அம்மாத இறுதிக்குள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எனப் பரவியது. ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணச் சோனகத் தெருப் பகுதியில் ஒலிபெருக்கி ஒலித்தது. ஜின்னா மைதானத்தில் கூடியோருக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டனர். நகைகளும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. தன் உம்மாவின் காதிலிருந்து தோடு கழற்றப்படுவதையும், வாப்பா வாய்மூடி நிற்பதையும் பிள்ளைகள் பார்த்தார்கள். பெற்றோரால் தம்மைக் காக்க முடியாது என்பதை ஒரு பிள்ளை அறிந்துகொள்ளும் கணம் அது.

எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றனர். புத்தளத்து மக்கள் உணவும் உறைவிடமும் தந்து அரவணைத்தார்கள். அந்த நன்றி மறக்கத்தக்கதல்ல. ஆனால் கிடுகுக் குடிசை வாழ்வு நாட்களில் முடியவில்லை; ஆண்டுகளாக நீண்டது. இடவசதி போதாத பாடசாலைகளில் அகதிப் பிள்ளைகளுக்குப் பிற்பகல் வகுப்புகள் நடந்தன. வியாபாரமும் விவசாயமும் செய்தோர் கூலிக்காரர் ஆயினர். வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற தாய்மாரின் சிறுசுகளை வீட்டில் மூத்த பெண்பிள்ளை பார்த்துக்கொண்டாள். அவளது படிப்பு அங்கேயே நின்றது.

முகாமில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது வாப்பும்மா சொல்லும் கதை. புத்தளத்தில் அவன் "அகதி". 2009இல் யுத்தம் முடிந்து வடக்குக்குப் போனபோதோ, அங்கும் அவனை அறிந்தவர் எவருமில்லை. முதியவர் காடு மண்டிய வளவைத் துப்புரவாக்கத் திரும்பினார். பிள்ளைகளின் கல்விக்காக மகன் புத்தளத்திலேயே தங்கினான். இவ்வாறு பல குடும்பங்கள் இரண்டாயின. துப்பாக்கி ஓய்ந்த பின்னரும் யுத்தம் வீட்டைப் பிரித்தது.

சரியாக ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறி வருகையில் வலிகாமத்துத் தமிழ் மக்களையும் வெளியேறுமாறு அதே புலிகள் பணித்தனர். கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. முஸ்லிம்கள் முஸ்லிம்கள் என்பதற்காகவே விரட்டப்பட்டனர். அந்த அநீதியை எந்த ஒப்பீடும் கரைத்துவிடக் கூடாது. ஆயினும், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து அன்று நடந்த பிள்ளையின் பயம், சோனகத் தெருப் பிள்ளைக்குப் புதிதல்ல.

நமது எழுத்தாளர்கள் வெளியேற்றத்தைக் கவிதையாகவும் கதையாகவும் பதிந்துள்ளனர். அன்று பத்து வயதாயிருந்தோர் இன்று தாமே பெற்றோர். தம் பிள்ளைகளுக்குச் சொல்லாத பலவற்றை நெஞ்சில் சுமப்போர். அவர்களது வாய்மொழி, அவர்கள் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். அக்குரல்கள் இல்லாத வடபுல வரலாறு, காணி உறுதிகளின் தொகுப்பாக மட்டுமே எஞ்சிவிடும்.