குண்டு விழுந்த தூரம்

கடலூரில் குண்டு சாலை என்றொரு சாலையும் குண்டு உப்பலவாடி என்றோர் ஊரும் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலமும் கம்பெனிக்கே என்பது ஏற்பாடு. குண்டை எவ்வளவு தூரம் செலுத்துவது என்பது பீரங்கிக்காரரின் கைத்திறன் என்று சென்னையிலிருந்து குறிப்பும் போயிற்று! கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அவ்வூர்க் குடிகளுக்கு அன்று ஆள்பவர் மாறினார்; அவ்வளவுதான்.

இந்தக் கொள்முதலை நடத்திய சென்னை ஆளுநர் எலிஹு யேல். அவருடன் வாழ்ந்த ஹிரோனிமா டி பைவா, 1687இல் சென்னையில் இறந்த யூத வைர வணிகர் ஜாக் டி பைவாவின் விதவை. கடலூர் வரலாற்றைப் பேசுகையில் இப்பெண்ணை நாம் நினைப்பதேயில்லை.

யூதர்களை ஸ்பெயின் 1492இல் வெளியேற்றியது; போர்த்துகல் 1497இல் கட்டாயமாக மதம் மாற்றியது. மாறிய பின்னும் ஐயம் தீரவில்லை. சமய விசாரணை மன்றம் 1560இல் கோவாவுக்கும் வந்துசேர்ந்தது. தப்பியோர் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, பின்னர் லண்டன் எனச் சிதறினர். சிதம்பரத்தை அடுத்த பறங்கிப்பேட்டையில் தங்கிய போர்த்துகீசியரின் மொழியே இவர்களுடைய மொழியும். ஆனால் அந்த மொழி பேசிய அரசிடமிருந்துதான் இவர்கள் ஓடிவந்தார்கள்.

சென்னையில் இவர்கள் யூதராகவே வாழ முடிந்தது. தனி இடுகாடும் கிடைத்தது. இதைக் கம்பெனியின் கருணை என்று எழுதுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை லண்டனுக்கு அனுப்பும் தொடர்பு இவர்களிடம் இருந்தது. கம்பெனிக்கு அது வேண்டியிருந்தது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மென்களில் யூத வணிகர்களும் இருந்தனர். அதே காரணத்தால் இவர்களைக் கொள்ளையின் பங்காளிகள் என்று ஒதுக்குவதும் சரியல்ல. கோட்டை வாங்கியது கம்பெனி, வந்தேறியவர்கள் அல்லர். ஆயினும் இவர்களுக்கு நிழல் தந்த சுவரும் உப்பலவாடியை வளைத்த சுவரும் ஒரே அதிகாரம் கட்டியவைதாம்.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. சென்னையின் யூத வணிகம் மெல்லத் தேய்ந்தது. ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயர் நிற்கிறது.

யேல் 1692இல் பதவி இழந்தார். 1718இல் அவர் அனுப்பிய நன்கொடைக்காக அமெரிக்கக் கல்லூரியொன்று அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஹிரோனிமாவோ மகனுடன் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அது டச்சுக் கம்பெனியின் துறைமுகம். யேலின் பிள்ளை எனக் கருதப்படும் அந்த மகன் 1712இல் அங்கேயே இறந்தான்.