வீட்டுச் சுவரும் தெய்வப் படமும்

தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் பொதுவான ஓர் அம்சத்தைக் காணலாம். வீடு ஒற்றை அறையாக இருந்தாலும் மாடிக் குடியிருப்பாக இருந்தாலும் ஒரு சுவர் மட்டும் தெய்வங்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே வேலேந்திய முருகனும், தாமரை மேல் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய கலைமகளும் சட்டமிட்ட கண்ணாடிக்குள் வீற்றிருப்பர். சற்றுத் தள்ளி, மாலையிட்ட முன்னோர் படம் இருக்கும். இந்த ஏற்பாடு நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வருவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. எளிய குடும்பங்களின் சுவரில் வண்ணப் படம் ஏறிய வழக்கத்திற்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வயதுதான் ஆகிறது. அப்படங்களில் பெரும்பகுதி முதலில் உருப்பெற்றதும் தமிழ் மண்ணில் அன்று. இன்று நாம் குடியேறி வாழும் நகரங்களிலேயே ஆகும். அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

சுவரில் சித்திரம் எழுதும் கலை தமிழருக்குப் புதியதன்று. திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவியங்களைப் பரிபாடல் பேசுகிறது; அரண்மனைச் சுவரில் எழுதப்பட்ட கொடியோவியத்தை நெடுநல்வாடை குறிப்பிடுகிறது. சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் இன்றும் அக்கலைக்குச் சான்று பகர்கின்றன. ஆயினும் இவையெல்லாம் கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியவை. குடியானவன் வீட்டு மண்சுவருக்குச் சுண்ணாம்பும் காவிப்பட்டையுமே அணியாக இருந்தன. சித்திரம் வேண்டுமாயின் வாசலில் கோலம் உண்டு. தெய்வம் வேண்டுமாயின் மாடத்தில் விளக்கு உண்டு. விழா நாளில் கலசமோ, மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையாரோ உண்டு. சுவரில் படம் மாட்டி வணங்குவது பெரும்பாலோர் அறியாத வழக்கம்.

படம் வீட்டினுள் வந்த முதற்படி தஞ்சாவூர்ப் பலகைப் படம் எனலாம். மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்தில், இக்கலை தழைத்தது. பலாப்பலகையின் மீது துணியை ஒட்டி, சுண்ணப் பொடியையும் பசையையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் உருவத்தை வரைவார்கள். அணிகலன்களைச் சுண்ணக்கலவையால் புடைப்பாக எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் அந்தத் தங்கம் மின்னும்போது, இருள் சூழ்ந்த கூடத்தில் தெய்வ உருவம் மட்டும் எழுந்து நிற்கும். பகலொளியில் நின்று பார்ப்பதற்கென்று செய்யப்பட்டதன்று அது. விளக்கொளியில் அமர்ந்து தரிசிப்பதற்கென்று செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொரு படமும் கையாலேயே செய்யப்பட வேண்டும், தங்கமும் வேண்டும். எனவே பஜனை மடங்களிலும் செல்வர் இல்லங்களிலுமே அது இடம்பெற்றது. கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் முறையில் வரையப்பட்ட படங்கள் இதனினும் மலிவாக வந்தபோதிலும், அவையும் கைத்தொழிலின் எல்லையைத் தாண்டவில்லை.

மலிவு என்னும் புரட்சியை முதலில் கண்டது வங்காளம். கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றியிருந்த பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள், ஆலைக் காகிதத்தில் விரைந்த தூரிகைக் கோடுகளால் காளியையும் கணபதியையும் வரைந்து யாத்திரிகர்களுக்குச் சொற்ப விலைக்கு விற்றார்கள். பிறகு அச்சு வந்தது. 1878ஆம் ஆண்டில் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் பூனாவில் சித்திரசாலா அச்சகம் எழுந்தது. இவ்விரண்டும் கல்லச்சு முறையைக் கையாண்டன. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்பதே இம்முறையின் தத்துவம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை எழுதி, கல்லை நீரால் நனைத்தால், எழுதிய இடம் மட்டும் மையை ஏற்கும்; மற்ற இடம் தள்ளிவிடும். ஒரு நிறத்திற்கு ஒரு கல் வீதம், சிறந்த படமொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படும். ஆனால் கற்கள் ஒருமுறை ஆயத்தமாகிவிட்டால் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கலாம். மெருகெண்ணெய் பூசி எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்த அச்சுப் படத்திற்கு ஓலியோகிராப் என்று பெயர்.

இந்தக் கருவிக்கு ஏற்ற கலைஞர் கேரளத்தின் கிளிமானூரிலிருந்து வந்தார். 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மாவுக்கு முதலில் பயிற்சியளித்த அவருடைய மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் முறையில் வரைந்தவர். ரவிவர்மாவோ ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தைக் கற்று, புராண மாந்தரை இரத்தமும் சதையுமாகத் தீட்டினார். ஏறத்தாழ 1890இல் பரோடா மன்னருக்காக அவர் முடித்த பதினான்கு புராணச் சித்திரங்கள் பம்பாயில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞர் அவருக்கு ஒரு யோசனை கூறியிருந்தார். சில சித்திரங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடச் செய்தால் எல்லோர் கையிலும் அவை சேரும் என்பதே அது. அவ்வாறு எழுதியவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். பிற சமஸ்தானங்களில் பணியாற்றிய கும்பகோணத்தார் ஒருவரின் சொல் இவ்வரலாற்றில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ரவிவர்மா ஐரோப்பாவை நாடாமல், 1894இல் தம் தம்பியுடன் சேர்ந்து பம்பாயிலேயே அச்சகம் நிறுவினார். இயந்திரமும் தொழில் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் முதலில் வெளிவந்தது; இலக்குமியும் கலைமகளும் பின்னர் வந்து நாடெங்கும் பரவினர். 1899இல் அச்சகம் லோணாவளாவை அடுத்த மளவலிக்கு மாறியது. தொழிலில் கடன் பெருகவே, புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஷ்லைசர் என்னும் ஜெர்மானியர் கைக்குச் சென்றது. பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப் போற்றப்பெற்ற தாதாசாகேப் பால்கே இந்த அச்சகத்திற்காகப் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. திரையில் நாம் கண்ட தெய்வங்களின் தோற்றத்திற்கும் சுவரில் கண்ட தெய்வங்களின் தோற்றத்திற்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. படங்களோ வீடுகளில் நிலைத்துவிட்டன. செட்டிநாட்டு மாளிகைகளில் அப்படங்களுக்குப் பட்டுத்துணியும் சரிகையும் சம்கியும் தைத்து உடுத்தி அழகு பார்த்தனர். அச்சிட்ட காகிதத்தையும் தம் கைப்படத் தொட்டுத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் அதில் தெரிகிறது.

இந்த மாறுதலால் விளைந்த நன்மையையும் இழப்பையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமை. நன்மையை முதலில் கூறுவோம். அச்சுப் படம் பரவிய அந்நாளில், நம் மக்களில் இலட்சக்கணக்கானோர் தாம் பிறந்த குலத்தின் பெயரால் கோயில் வாசலிலேயே தடுக்கப்பட்டனர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசம் 1939இல்தான் நிகழ்ந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, சில காசுகள் கொடுத்தவர் எவரோ அவர் வீட்டிற்கு இலக்குமி சென்றுவிட்டாள். கடைக்காரன் குலம் கேட்கவில்லை. காகிதத்திற்குத் தீட்டும் இல்லை. தம் குடிசையில் தாமே பூவிட்டு, தாமே விளக்கேற்றும் உரிமை அவர்களுக்கு வந்தது. இதனால் தீண்டாமை ஒழிந்துவிடவில்லை. கோயிற் கதவும் தானாகத் திறந்துவிடவில்லை. எனினும் தெய்வத்தின் முகத்தை நேருக்கு நேர் காணும் வாய்ப்பு சிலருக்கே உரியது என்ற நிலை அன்றே தளர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இழப்பும் சிறியதன்று. காளிகாட்டு ஓவியரின் தொழில் அச்சுப் படத்தின் முன் நிற்க இயலாமல் நலிந்தது. தஞ்சைச் சித்திரக்காரர் பலரும் அவ்வாறே வேலை இழந்தனர். தஞ்சைப் படத்தில் இருபுறமும் யானைகள் நீராட்ட அமர்ந்திருந்த திருமகளை ஒருவாறும், வங்கத்தில் வேறொருவாறும் கண்டுவந்த மக்கள், இப்போது சேலையுடுத்தித் தாமரையில் நிற்கும் ஒரே திருமகளைக் காணலாயினர். ஊருக்கு ஊர் மாறுபட்ட முகங்கள் ஒரே முகமாயின. எங்கும் விற்கக்கூடிய தெய்வங்களையே அச்சகங்கள் அச்சிட்டன. ஊரெல்லையில் காவல் நிற்கும் ஐயனாருக்கும், ஒரே ஒரு சிற்றூருக்கு மட்டும் தாயாக விளங்கும் அம்மனுக்கும் கல்லச்சில் இடம் கிடைப்பது அரிதாயிற்று.

தமிழகம் தன் படங்களைத் தானே அச்சிடத் தொடங்கிய வரலாறும் கல்கத்தாவோடு பிணைந்ததே. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வளரவே நாட்காட்டியும் வளர்ந்தது. அந்த அச்சகங்களுக்குப் படம் தந்தவர்களில் தலைசிறந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. 1898இல் பிறந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் நாட்காட்டியின் வழியே நாடெங்கும் சென்றனர். 1976இல் அவர் மறைந்தார். வணிகர் இலவசமாகத் தந்த அந்த நாட்காட்டிக்கு ஓராண்டே ஆயுள். ஆனால் ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கழற்றிவிட்டுப் படத்திற்குக் கண்ணாடி போட்ட குடும்பங்கள் எண்ணற்றவை.

தெய்வங்களுக்கு அருகில் மனிதர்களும் சுவரேறினர். காந்தியடிகள், நேதாஜி, பாரதியார் முதலியோரின் படங்கள் விடுதலைப் போராட்டக் காலத்தில் வீட்டுக்குள் வந்தன. 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின்னர் வெளிவந்த படங்கள் பலவற்றை ஆங்கில அரசு தடை செய்தது. சுவரில் தொங்கும் காகிதத்திற்கு ஓர் அரசு அஞ்சியது எனில் அதன் வலிமை விளங்கும். புகைப்படம் பரவியபின் முன்னோரும் அங்கே இடம்பெற்றனர்.

படத்தை மாட்டும் முறையிலும் ஒரு மரபு உண்டு. பழைய வீடுகளில் படங்கள் உத்தரத்தையொட்டி உயரத்தில், முன்புறம் சாய்ந்து இருக்கும். இரண்டு ஆணிகள் அல்லது ஒரு மரச்சட்டத்தின் மேல் அடிவிளிம்பை இருத்தி, தலைப்பக்கத்தைக் கயிற்றால் சற்றுத் தளர்த்திக் கட்டுவர். அன்று மக்கள் தரையில் அமர்ந்தனர். சாய்ந்த படத்தின் பார்வை அமர்ந்தவர் மேல் விழும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசுவதும் குறையும். சுவரின் ஈரம் படத்தின் முதுகில் ஏறாமல் காற்றும் உலவும். நாற்காலியில் அமரும் இக்காலத்திற்கு அவ்வளவு உயரம் தேவையில்லை, கண்மட்டமே போதும். ஆனால் மற்றக் காரணங்கள் மாறிவிடவில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் நனையும் வெளிச்சுவரில் பழைய அச்சுப் படத்தை மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், உட்சுவரே நன்று. நேர் வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைத்தல் ஆகாது. சுண்ணமும் பசையும் கரைந்து தங்கம் உரிந்துவிடும்.

இனி எவற்றைத் தேர்ந்து மாட்டுவது என்ற கேள்வி எழுகிறது. கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிச் சுவரை நிரப்புவதால் பயன் இல்லை. பாட்டி வைத்து வணங்கிய மங்கிய படம் ஒன்று ஊரில் இருக்குமாயின், புதுப்படம் பத்தைவிட அது மேலானது. அதன் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனாவோ, மளவலியோ, சிவகாசியோ அங்கே எழுதியிருக்கலாம். அச்சகங்கள் விட்டுவிட்ட குலதெய்வத்திற்கும் நம் சுவரில் ஓர் இடம் அளிப்போம். கோயிலாரின் இசைவு பெற்று எடுத்த புகைப்படமோ, இல்லையேல் கோயில் முகப்பின் படமோ போதும். ஒவ்வொரு படத்தின் பின்புற அட்டையிலும், அது எந்த ஊர்த் தெய்வம், யார் கொணர்ந்தது, எந்த ஆண்டில் என்று தமிழில் எழுதி வைப்போம். அயல்மொழி சூழ்ந்த ஊரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அந்த ஊரை நேரில் காணாமலே போகலாம். சுவரில் இருப்பவர் யார் என்று அவர்கள் கேட்கும் நாளில், விடை சொல்ல நாம் இல்லாவிடினும், அந்த அட்டை சொல்லும்.