பென்ஷன்காரர்களின் ஊரில் வைத்தியச் சந்தா

கண்டோன்மென்டும், 1869இல் கிர்க்கியில் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலையும், 1928இல் சிம்லாவிலிருந்து வந்து சேர்ந்த வானிலை இலாகாவின் தலைமை அலுவலகமும் அழைத்துவந்த உத்தியோகஸ்தர்கள், ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் திரும்ப மனமின்றி அங்கேயே வீடு கட்டிக்கொண்டதால், பென்ஷன்காரர்களின் ஊர் என்ற பெயர் புனேவுக்கு வெகுகாலமாக நிலைத்துவிட்டது. ராஸ்தா பேட்டையில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சரித்திரமும் இதுதான்.

இத்தகைய பென்ஷன்காரர்களுக்கும் வைத்தியம் அளிக்கும், 1954இல் டில்லியில் பிறந்த மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டம், 1978இல் புனேவுக்கு வந்தது. இதில் சந்தா எல்லோருக்கும் ஒன்றல்ல; 2017 முதல், சம்பள நிலை ஐந்து வரையிலானோர் மாதம் 250 ரூபாயும், ஆறாம் நிலையினர் 450உம், ஏழு முதல் பதினொன்று வரையிலானோர் 650உம், அதற்கு மேற்பட்டோர் 1,000உம் செலுத்துகின்றனர். பத்தாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்ட பென்ஷன்காரருக்கு ஆயுள் முழுதும் அட்டை செல்லுபடியாகும்.

இத்தகைய படிநிலைச் சந்தா அமெரிக்காவிலும் உண்டு; அங்கே முதியோருக்கான சர்க்கார் காப்பீடான மெடிகேரின் சந்தா மீது அதிக வருமானமுள்ள முதியோருக்கு 2007 முதல் விதிக்கப்படும் கூடுதல் கட்டணம், இரண்டாண்டுக்கு முந்தைய வரிக்கணக்கைப் பார்த்து ஆண்டுதோறும் மாறுகிறது. நம் திட்டமோ ஒருவர் கடைசியாக வகித்த பதவியை மட்டுமே பார்க்கிறது. பிற்கால வருமானத்தைத் துருவாத இம்முறை முதியவரின் மானத்தைக் காக்கிறதென்றே கருதுகிறேன்.

காலை வேளையில் இத்திட்ட மருந்தகத்தின் வரிசையில், துணிப்பையில் மருந்துச் சீட்டுகளையும் அட்டையையும் பத்திரப்படுத்திக்கொண்டு நிற்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கும், அவர் பின்னால் கைத்தடியை ஊன்றி நிற்கும் முன்னாள் இயக்குநருக்கும் அதே வைத்தியர், அதே ரத்த அழுத்த மாத்திரை. கையிருப்பில் இல்லாத மருந்துக்கு ‘இண்டென்ட்’ எழுதிவிட்டு மறுபடி வந்து வாங்கிச் செல்லும் அலைச்சலும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளில் பாதைகள் பிரிகின்றன. 2022இல் திருத்திய விதிப்படி, அடிப்படைச் சம்பளம் 36,500 ரூபாய் வரை பெற்றவருக்குப் பொது வார்டு; 50,500 வரை இரண்டு மூன்று பேர் பகிரும் அறை; அதற்கு மேல் தனியறை.

சக்திக்கேற்பக் கொடுப்பதில் தாரதம்மியம் இருப்பது நியாயமே. நோயாளியின் படுக்கையிலும் அந்தத் தாரதம்மியத்தை நீட்டிப்பதை என் மனம் ஏற்கவில்லை. எழுபது வயதைக் கடந்த பென்ஷன்காரர் எவராயினும், அவர் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றிருப்பினும், இரண்டு மூன்று பேர் பகிரும் அறையேனும் அவருக்குக் கிடைக்கச் சர்க்கார் விதியைத் திருத்த வேண்டும்.